கீர்த்தனாவுக்கு எந்த கருப்பு இங்க்? எங்க ஃபேமிலி குரூப்ல நடந்த பேச்சு

அம்மா: ரவி இருக்கியா. கீர்த்தனாவுக்கு பால் பாயிண்ட்ல அழுத்தி எழுதி எழுதி விரல் வலிக்குதுன்னு இங்க் பேனா வாங்கி குடுத்தோம்ல, இப்ப கருப்பு இங்க்தான் வேணும்னு நிக்கிறா. கடைல 30 ரூபாய்க்கும் இருக்கு 300க்கும் இருக்கு. பத்தாவது பப்ளிக் வரைக்கும் ஓடணும், எது வாங்கறது

ரவி மாமா: கரெக்டான ஆள்கிட்ட கேட்டக்கா

ரவி மாமா: [படம்]

ரவி மாமா: இந்த பாட்டில்தான். 60 மி.லி, 35 ரூபா, நம்ம கடைவீதில எல்லா ஸ்டேஷனரி கடைலயும் இருக்கு. கொஞ்ச நாளா இதுலயேதான் எழுதிட்டு இருக்கேன், ஆபீஸ்லயும் இதான். டெஸ்ட் பண்ண பேப்பர் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், வீட்டுக்கு போய் போட்டோ போடறேன்

சித்தி: 35 ரூபாய்க்கு நல்லா இருக்குமா? சீப்பா வாங்கி பேனா அடைச்சுக்கிட்டா என்ன பண்றது

ரவி மாமா: அந்த பயம் எல்லாருக்கும் இருக்கு ஆனா பேனா இங்க்ல விலைய வெச்சு அடைப்ப சொல்ல முடியாது. சாதா பேனா இங்க்னா தண்ணில கரைஞ்ச சாயம், அதுல மிதக்கற தூள் கிடையாது, அதனால காஞ்சு போனாலும் தண்ணில ஊற வெச்சா திரும்ப கரைஞ்சிரும். அடைக்கறது எல்லாம் வேற வகை. ஆயிரம் ரூபாய்க்கு மேல விக்கற ஜப்பான் கார்பன் இங்க் இருக்கு பாரு, அது அருமையான கருப்பு, தண்ணிக்கு அசையாது, ஆனா அதுல இருக்கறது நுண்ணிய கரித்தூள். எழுதாம மாசக்கணக்குல போட்டு வெச்சா அதுதான் வம்பு

கீர்த்தனா: மாமா வீட்ல டிராயிங்குக்கு வாங்கின இந்தியன் இங்க் பாட்டில் பாதி இருக்கு, அதுவும் கருப்புதானே அத ஊத்தலாமா

ரவி மாமா: வேண்டவே வேண்டாம்டா கண்ணு!! அத தொடாத. வாட்டர்ப்ரூஃப் இந்தியன் இங்க்ல கரியோட அரக்கு சேர்த்திருப்பாங்க, ஷெல்லாக். அது தொட்டு எழுதற நிப்புக்கும் பிரஷ்ஷுக்கும். பேனா உள்ள போய் காஞ்சா தண்ணிக்கு கரையாது, நிப்புக்கு இங்க் கொண்டு போற ஃபீடு அப்படியே பிசினாட்டம் இறுகிரும். பாட்டில்ல ஃபவுண்டன் பென் இங்க்னு போட்டிருந்தாதான் ஊத்தணும்

தாத்தா: ரவி சொல்வது சரி. நாங்கள் படிக்கும்போது கட்டைப் பேனா, மைக்கூடு. மை மாத்திரை வாங்கி தண்ணீரில் கரைத்து ஆளுக்கு ஒரு கூடு. ஒட்டகப் படம் போட்ட கம்பெனி கூட 1931ல் பம்பாயில் மைப்பொடி விற்றுத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு பத்திரம் எழுதப் போன இடத்தில் சாதா மையைத் தொடவே விடமாட்டார்கள், நிரந்தர மைதான். நூறு வருஷம் நிற்க வேண்டிய எழுத்து

அருண் அண்ணன்: தாத்தா நீங்க கடுக்காய் மை பாத்திருக்கீங்களா

தாத்தா: என் அப்பா காய்ச்சுவார் கண்ணு. கடுக்காயை இடித்து ஊறவைத்து அன்னபேதி சேர்ப்பது. எழுதும்போது வெளிறித்தான் இருக்கும், காயக் காயக் கறுக்கும்

அருண் அண்ணன்: சூப்பர் தாத்தா. எங்க டையிங் லேப்ல சொல்ற கெமிஸ்ட்ரி அதேதான், கடுக்காய்ல இருக்கற டானினும் அன்னபேதில இருக்கற இரும்பும் சேர்ந்து காத்து பட்டதும் கருப்பாகி நாருக்குள்ளயே உக்காந்துரும். கலம்காரி துணில கருப்பு வர்றதும் இரும்பும் கடுக்காயும்தான். ஆனா அந்த மைல அமிலம் இருக்கும், சாதா ஸ்டீல் நிப்ப அரிக்கும், அதனால கீர்த்தனா பேனாக்கு அது சரிப்படாது

சித்தி: அப்போ பரிட்சைக்கு நிரந்தர மை வேணாமா? பேப்பர் நனைஞ்சிட்டா?

ரவி மாமா: அதுக்குதான் சொல்ல வந்தேன், வீட்டுக்கு வந்துட்டேன் போட்டோ போடறேன்

ரவி மாமா: [படம்]
[படம்]
[படம்]

ரவி மாமா: மொத படம் நம்ம 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பர். ரெண்டாவது கீர்த்தனா நோட்டு மாதிரி கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு. மூணாவது அஞ்சு ரூபா ரஃப் நோட்டு. மூணுலயும் அதே பேனா அதே இங்க் ஆனா எழுத்து எப்படி வேற வேறயா இருக்கு பாருங்க. ரஃப் நோட்டுல எழுத்தோரம் வேர் விட்ட மாதிரி பரவிருக்கு, பின் பக்கமும் தெரியுது. லாங் சைஸ் நோட்டுல ஒரு பிசிறு கிடையாது. இங்க் நல்லால்லன்னு சொல்றவங்க பாதி பேர் பேப்பர பாக்காம சொல்றாங்க, இது எனக்கு ரொம்ப வருத்தம்

அருண் அண்ணன்: ஆமா மாமா, பேப்பருக்கும் கஞ்சி போடுவாங்க, எங்க ஊர்ல நூலுக்கு சைஸிங் பண்றாங்கள்ல அதே பேருதான் அங்கயும். அந்த பூச்சு இருந்தா இங்க் மேலயே நிக்கும், இல்லன்னா நார் வழியா இழுத்துட்டு ஓடும். கரூர் பக்கம் காகிதபுரத்துல டிஎன்பிஎல் பேப்பர் மில்லுல கரும்புச் சக்கைலயே பேப்பர் பண்றாங்க, சக்கை பேப்பர்னா ஊறும்னு கிடையாது, மேல இருக்கற சைஸிங்தான் முக்கியம்

கீர்த்தனா: மாமா நான் லெஃப்ட் ஹேண்ட். எழுத எழுத கை அது மேலயே போகும். ஜெல் பேனால எழுதினப்பவே உள்ளங்கை ஓரம் எல்லாம் கருப்பாயிடும்

ரவி மாமா: உன்ன நெனச்சுதான் காயற டெஸ்ட் பண்ணேன். ஒரு வரி எழுதி அஞ்சு செகண்ட் விட்டு விரலால தேய்ச்சேன், அடுத்த வரி பத்து செகண்ட், அடுத்தது பதினஞ்சு இப்படி. ஜெராக்ஸ் பேப்பர்ல பத்துக்குள்ள காஞ்சுருச்சு, லாங் சைஸ் நோட்டுல பதினஞ்சு ஆச்சு. வழவழப்பா இருக்கற டைரி பேப்பர்ல மட்டும் இருபது தாண்டியும் இழுத்துச்சு. இது ஃபைன் நிப்புல, மீடியம் நிப்புனா இங்க் அதிகமா கொட்டும் இன்னும் நேரம் எடுக்கும். உன் பேனா நிப்பு என்ன?

கீர்த்தனா: எஃப்னு போட்டிருக்கு

ரவி மாமா: எஃப்னா ஃபைன்தான், அப்ப கவலைய விடு. நோட்ட கொஞ்சம் வலது பக்கமா சாய்ச்சு வெச்சு கைய வரிக்கு கீழ வெச்சு எழுதி பழகு, அதுக்கு மேல எந்த இங்க்கும் உதவாது

அம்மா: தண்ணி டெஸ்ட் என்னாச்சு

ரவி மாமா: சொல்றேன் அக்கா. ஒரு வரி எழுதி ஒரு நாள் காய விட்டு குழாய்ல பிடிச்சேன். மேல இருந்த கருப்பு ஓடிருச்சு, கீழ சாம்பல் கலர்ல எழுத்து நிக்குது, படிக்க முடியுது. நாலாவது படம் போடறேன் பாருங்க. பரிட்சை ஹால்ல வேர்வை சொட்டு பட்டா அந்த இடம் கலங்கும் ஆனா விடை அழிஞ்சு போகாது

ரவி மாமா: [படம்]

அருண் அண்ணன்: மாமா அந்த சாம்பல் நிக்கிதுல்ல அது டைரக்ட் டையா இருக்கும். கருப்பு இங்க்ல பெரும்பாலும் ஒரே சாயம் இருக்காது ரெண்டு மூணு கலப்பாங்க. டைரக்ட் டை பருத்தி பேப்பர் ரெண்டையும் பிடிச்சுக்கும் ஏன்னா ரெண்டும் செல்லுலோஸ். நிக்ரோசின் மாதிரி ஆசிட் டை கம்பளி பட்டுக்குதான் ஒட்டும், பேப்பர்ல சும்மா உக்காந்திருக்கும், தண்ணி பட்டா எழுந்து போயிரும். பார்க்கர் குவிங்க் கருப்புல ஈர பிரஷ் வெச்சு தடவினா நீலமும் மஞ்சள் பழுப்பும் தனித்தனியா பிரியும், படம் வரையறவங்க அதுக்காகவே வாங்குறாங்க. வீட்ல டிஷ்யூ பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு நுனிய தண்ணில தொட வெச்சு பாருங்க நல்லா தெரியும்

சித்தி: பருத்திய பிடிச்சுக்கும்னா யூனிஃபார்ம்ல பட்டா போகாதா அருண்

அருண் அண்ணன்: உடனே பச்சத்தண்ணில அலசிட்டா பெருசா போயிரும் சித்தி. வெந்நீர் ஊத்தக்கூடாது அயர்ன் வெக்கக்கூடாது, சூடு பட்டா சாயம் இன்னும் உள்ள இறங்கும். எங்க வேலையே சூடு வெச்சு சாயம் ஏத்தறதுதான்

அம்மா: சரி ரவி நிறம் எப்படி, கருப்பு கருப்பாவே இருக்கா? போன தடவ ஏதோ ஒரு பாட்டில் வாங்கினோம் எழுதினா பச்சையா இருந்துச்சு

ரவி மாமா: அடர் கருப்புன்னு சொல்ல மாட்டேன். ஈரமா இருக்கறப்ப நல்ல கருப்பு, காஞ்சதும் ஒரு படி இறங்கி பென்சில விட நல்லா கருப்பா ஆனா பிரிண்ட் எழுத்து அளவுக்கு இல்ல. ஃபைன் நிப்புல இன்னும் கொஞ்சம் வெளிறும். எனக்கு இது போதும்னு தோணுது, திருத்தற டீச்சர் கண்ணுக்கு எழுத்து தெளிவா இருந்தா போதும் பளபளன்னு வேண்டியதில்ல. பிரில் கருப்பும் பக்கத்துல எழுதி பாத்தேன், அது சென்னை கம்பெனி இங்க், ரெண்டுல எது கெடச்சாலும் வாங்கலாம். ஆனா ஒண்ணு, ரெண்டையும் ஒரே பேனால கலக்க கூடாது. ஒரு இங்க்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாறணும்னா தண்ணி வெளிய தெளிவா வர்ற வரைக்கும் பம்ப் பண்ணி கழுவணும். போர் தண்ணி வேண்டாம் உப்பு படியும், கேன் தண்ணி எடுத்துக்கோ

தாத்தா: பேனாவில் மிச்சமான மையைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதே. மூடியைத் திறந்து போட்டால் பூசணம் பிடிக்கும். என்னுடைய எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா திருவள்ளூரில் கடைந்து வாங்கியது, ஃபில்லரால் ஊற்றும் வகை. மை கால் பங்குக்கு இறங்கினால் கைச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து பொட்டென்று சொட்டு விழும். பரிட்சைக்குப் போகும்போது முழுக்க நிரப்பிக்கொண்டு போ

கீர்த்தனா: என் பேனால பம்ப் மாதிரி கன்வர்ட்டர்தான் தாத்தா

ரவி மாமா: கன்வர்ட்டர்னா அவ்ளோ சொட்டாது, ஆனா ஒரு மி.லி கூட பிடிக்காது. மூணு மணி நேரம் எழுத பத்துமான்னு வீட்லயே ஒரு முழு பரிட்சை எழுதி பாத்துக்க, பத்தலன்னா ரெண்டாவது பேனா ஒண்ணும் நிரப்பி வெச்சுக்க. கணக்கு பாத்தா ஒரு தடவ நிரப்ப 60 பைசா கூட ஆகாது, 60 மி.லி பாட்டில் அடுத்த வருஷமும் ஓடும்

சித்தி: கருப்புல எழுதலாமா? நீலம்தான்னு எங்க ஸ்கூல்ல சொல்லுவாங்க

அம்மா: வினாத்தாள்லயே போட்டிருக்குமே, நீலம் அல்லது கருப்பு மை, எழுதவும் அடிக்கோடு போடவும். படம் பென்சில்ல

ரவி மாமா: ஆமா, ரெண்டும் சரிதான். கலர் கலரா அடிக்கோடு போட வேண்டாம் கீர்த்தனா, தலைப்புக்கும் அதே கருப்பு

சித்தி: நான் செக் எழுதறதுக்கும் இதே வாங்கிக்கலாமா ரவி

ரவி மாமா: செக்குக்கு வேண்டாம். பத்திரம், சர்டிபிகேட், செக் இதுக்கெல்லாம் பெர்மனண்ட்னு போட்டு விக்கற கருப்ப வாங்கு, கேமல்ல பெர்மனண்ட் பிளாக்னு தனி பாட்டிலே இருக்கு. தண்ணில கலையற இங்க்ல கையெழுத்து போட்டா ஒரு சொட்டு போதும் பிரச்சனைக்கு. இந்த பாட்டில் படிக்கற பிள்ளைக்கும் தினசரி நோட்டு எழுதறவங்களுக்கும்

அம்மா: சரி நாளைக்கு சாயங்காலம் கடைவீதி போறேன், கீர்த்தனாவுக்கு இது ஒண்ணு, உனக்கு பெர்மனண்ட் ஒண்ணு வாங்கிடறேன்

சித்தி: சரிக்கா, அப்படியே ஃபில்லரும் ஒண்ணு, தாத்தாவோடது உடைஞ்சிருச்சு

கீர்த்தனா: மாமா ஸ்கூல்ல மாடல் எக்ஸாம் அடிஷனல் ஷீட் ஒண்ணு மிஸ்கிட்ட கேட்டு வாங்கிட்டு வரேன், அதுல எழுதி பாத்துட்டு பிசிறு அடிக்குதான்னு போட்டோ போடறேன்

ரவி மாமா: அதான் சரி. ரெண்டு பக்கமும் எழுதி பாரு, பின்பக்கம் எவ்ளோ தெரியுதுன்னு ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு எடு