20 லிட்டர் கேனைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைக்கலாமா?

ரெயின்போநகர்க்காரன்:
நவம்பர் வந்தா இதே புலம்பல், "ஒரு பெட்ரூம் பிளாட்ல புயலுக்கு எதைச் சேர்த்து எங்கே வைக்கிறது?"ன்னு. 20 லிட்டர் கேன் அஞ்சு வாங்குங்க, கட்டிலுக்கு அடியில படுக்க வைங்க. ஒரு கேன் விட்டம் சுமார் 27 செ.மீ., அஞ்சும் சேர்ந்து 135. ஆறடிக் கட்டிலுக்கு அடியில அடங்கிடும். மூணு பேரு, தலைக்கு நாளைக்கு 4 லிட்டர்னா எட்டு நாள் ஓடும். இடமில்லைங்கறது சோம்பேறித்தனம்.

மஞ்சை_பிளம்பர்:
படுக்க வைக்கணுமாம்! அந்த மூடியைப் பார்த்திருக்கீங்களா சார்? அழுத்தி மாட்டுற மூடி அது. மரை கிடையாது. நிக்கிற கேன்ல மூடி மேல எந்த பாரமும் இல்ல. படுத்தா தண்ணி முழுக்க மூடி விளிம்புல வந்து உக்காரும். சொட்டுச் சொட்டா இறங்கி, கட்டில் பிளைவுட் ஊறி உப்பின பிறகுதான் உங்களுக்கே தெரியும். படுக்க வைக்கணும்னா வாஷர் வச்ச திருகு மூடி கேன், 10 லிட்டர் போதும். நிரப்பி, ஒரு ராத்திரி பேப்பர் மேல கவிழ்த்து வச்சுப் பாருங்க. பேப்பர் நனையலைன்னா உள்ளே தள்ளுங்க. பழைய எண்ணெய் கேன் வேண்டாம், சிக்கு வாடை எத்தனை கழுவினாலும் போகாது.

ரெயின்போநகர்க்காரன்:
சீல் பிரிக்காத கேன் கசியாது. பிளம்பர்னு பேர் வச்சுக்கிட்டா எல்லாம் தெரியும்னு அர்த்தமில்ல.

லாஸ்பேட்டை_3வது_மாடி:
முதல்ல அவசரம்னா எத்தனை நாள்னு முடிவு பண்ணுங்கப்பா. ஒரு ராத்திரி கரண்ட் போறதும் ஒரு வாரம் முடங்கறதும் ஒண்ணா?

மஞ்சை_பிளம்பர்:
அந்த சீல் சூடு காட்டினா சுருங்கி ஒட்டிக்கிற பிளாஸ்டிக். தூசிக்குத்தான் அது, தண்ணியை நிறுத்த இல்ல. கேனைப் படுக்க வைக்காதீங்க, அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை:
பிளம்பர் சார், உங்க கடலூர்க்காரங்களுக்கு எல்லாத்துலயும் பயம். 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி, நல்ல இன்வெர்ட்டர், மேல டேங்க் ஃபுல். இதுக்கு மேல என்ன வேணும்?

மஞ்சை_பிளம்பர்:
இன்வெர்ட்டர் பத்தின விவாதத் திரியில போன மாசமே பதில் சொல்லாம ஓடினவர்தானே நீங்க? கணக்கு கேளுங்க. 150 ஆம்பியர் அவர், 12 வோல்ட், 1800 வாட் அவர். கழிவு போக 1300 தேறும். பழைய ஃபேன் ஒண்ணு 75 வாட், எல்இடி ரெண்டு 18 வாட். 14 மணி நேரத்துல முடிஞ்சுது. கரண்ட் கம்மியா இழுக்கற 30 வாட் பிஎல்டிசி ஃபேன்னா 27 மணி நேரம். அப்புறம் அது வெறும் பொட்டி. மேல் டேங்க்? 1000 லிட்டர், எட்டு வீடு. வீட்டுக்கு 125. அந்த இன்வெர்ட்டர்ல மோட்டார் ஓடாது. கக்கூஸுக்கு ஒரு தடவைக்கு 6 லிட்டர்னு ஊத்தினா எத்தனை நாள் வரும்னு நீங்களே போட்டுக்கோங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்போ கடலூர் மாவட்டத்துல பல ஊர் வாரக்கணக்கா இருட்டுல கிடந்தது. பயமாம்.

முத்தியால்பேட்டை:
தானே பாண்டியையும்தான் அடிச்சுது. 2024 நவம்பர்ல ஃபெஞ்சல் புயல் எங்க தலைல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. அப்பவும் சமாளிச்சோம்.

புதுப்பாளையம்_ராணி:
அண்ணே, தரைத்தளத்துல இருக்கறவங்களுக்கு யாருமே சொல்லலையே. வெள்ளம் வாசல் வழியா வர்றதுக்கு முன்னாடி பாத்ரூம் ஜாலி (தண்ணி போற ஓட்டைத் தட்டு) வழியா சாக்கடையா மேல வரும். தடிமனான பிளாஸ்டிக் பையில மணல் ரெண்டு மூணு கிலோ, வாயைக் கட்டி ஜாலி மேலயும் கக்கூஸ் குழிக்குள்ளயும் அழுத்தி வைக்கணும். சம்ப் மூடி ஓரத்தை முன்னாடியே அடைச்சிடணும். தெருத் தண்ணி சம்ப்ல கலந்துட்டா காய்ச்சாம குடிக்காதீங்க, கொதி வந்து ஒரு நிமிஷமாவது தளதளன்னு கொதிக்கணும்.

ரெயின்போநகர்க்காரன்:
சம்ப் கெட்டா என்ன, கேன் இருக்கே. கட்டிலுக்கு அடியில, படுத்துக்கிட்டு.

மஞ்சை_பிளம்பர்:
படுத்துக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு. கேட்க விருப்பமுள்ளவங்களுக்குச் சொல்றேன்: ஒரு லிட்டர் பாட்டில் 12 போட்ட பெட்டி ஏழு வாங்குங்க. 84 லிட்டர், மூணு பேருக்கு ஏழு நாள். திருகு மூடி, எப்படிக் கிடந்தாலும் கவலையில்ல. ஒண்ணைத் திறந்தா மிச்சம் சுத்தமா இருக்கும். 20 கிலோ கேனை இருட்டுல இழுத்து வெளியே எடுக்கற வேலையும் இல்ல. கேன் கடைக்காரர் காலி கேனைக் கேட்டு வாசல்ல நிக்கவும் மாட்டார்.

லாஸ்பேட்டை_3வது_மாடி:
எத்தனை நாளுக்குன்னு கேட்டேன்...

முத்தியால்பேட்டை:
84 பாட்டில் பிளாஸ்டிக். சுற்றுச்சூழல்னு ஒண்ணு இருக்கு பிளம்பர் சார்.

மஞ்சை_பிளம்பர்:
ஆறு மாசத்துக்கு ஒருமுறை குடிச்சுத் தீர்த்துட்டு புதுசு மாத்தினா வீணில்ல. பேட்டரிக்குள்ள இருக்கற ஈயத்தைப் பத்தி நீங்க பேசாதவரைக்கும் சரி.

ரெயின்போநகர்க்காரன்:
எவ்வளவு நீட்டினாலும் சரி, சீல் உள்ள கேன் படுத்தாலும் கசியாது. முடிஞ்சுது.

மஞ்சை_பிளம்பர்:
சீலைப் பிரிச்சாதானே குடிக்க முடியும்? பிரிச்ச கேனையும் படுக்கத்தான் வைப்பீங்களா? கட்டிலுக்கு அடியில நிக்காது, உயரம் சுமார் 49 செ.மீ. அதுக்கு இடம் எங்கேன்னு சொல்லிட்டு முடிங்க.