மருந்தடங்காமை: ‘எதிர்ப்பு’ ஏன் வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கிருமி மருந்துக்கு மசியாமல் போவதை (antibiotic resistance) தமிழில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று சொல்லலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே சொல் அடுத்தடுத்து வருவது காதுக்கு இடிக்கிறது. ஆனால் என் மறுப்புக்குக் காரணம் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் என் பெரியம்மா அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். சளியில் கிளெப்சியெல்லா என்ற பற்றீரியா. ஆய்வுகூட அறிக்கை வந்த அன்று, “மெரோபெனத்துக்கு எதிர்ப்பு இருக்கு” என்று பெரியப்பாவிடம் சொன்னார்கள். மெரோபெனம் என்பது கிருமியைக் கொல்லக் கொடுக்கும் மருந்து; அது இந்தக் கிருமியிடம் பலிக்காது என்பதே பொருள். பெரியப்பாவோ வெளியே வந்து, “எதிர்ப்புச் சக்தி இருக்காம், பயப்பிடாதேங்கோ” என்றார். முகத்தில் அவ்வளவு ஆறுதல். திருத்த எனக்கு வாய் வரவில்லை.

சிங்களத்தில் இந்தக் குழப்பம் இல்லை. உடலின் ஆற்றல் ‘பிரதிசக்திய’; கிருமி மருந்துக்கு மசியாதிருப்பது ‘பிரதிரோதய’. நம் பாடநூல்களிலும் முதலாவதற்கு ‘நிர்ப்பீடனம்’ உண்டுதான். வீட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? எல்லோருக்கும் அது எதிர்ப்புச் சக்திதான். ஆகவே கிருமிக்கு வேறு சொல் வேண்டும்.

நான் முன்வைப்பது ‘மருந்தடங்காமை’. “இருமல் மருந்துக்கு அடங்கேல்லை” என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். மாறியது நோயாளியின் உடம்பல்ல, கிருமிதான் என்பதும் இதில் தெளிவு.

செயல்முறைக்கும் இது பொருந்துகிறது. சில பற்றீரியாக்கள் நொதியால் மருந்தைச் சிதைக்கின்றன. பென்சிலினைப் பீற்றா லக்ரமேசு உடைப்பது போல. சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. சில, மருந்து நுழையும் துளைகளைக் குறைத்துக்கொள்கின்றன. வேறு சில, மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்கின்றன. வாசலைச் சாத்திக்கொள்வதை ‘எதிர்ப்பு’ என்பது பொருத்தமா? அடங்காமை என்றால் நான்கும் அதற்குள் வந்துவிடும்.

இதற்குத் ‘தாங்குதிறன்’ என்று எழுதிய சென்னை நண்பருக்கு: அருமையான சொல், ஆனால் அது இன்னொன்றுக்குத் தேவை. மருந்து இருக்கும்போது பெருகாமல், சாகவும் செய்யாமல், அது போகும்வரை காத்துக்கிடக்கும் பற்றீரியாக்கள் உண்டு. அவைதான் தாங்குபவை. மருந்தடங்காதவையோ மருந்துக்கு நடுவிலேயே பெருகுகின்றன. ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டில், மருந்து தோய்த்து வைத்த வில்லையின் விளிம்புவரை அவை முளைத்து நிற்பதைப் பார்த்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்க மாட்டார்கள்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. ‘மருந்தடங்காமை’ என்பதை மருந்தே அடங்காதது போல ‘மருந்து அடங்காமை’ என்றும் பிரித்துப் படிக்கலாம். சரி, வைத்தியசாலை விடுதிச் சுவரில் ஒட்டும் அறிவித்தலில் ‘மருந்துக்கு அடங்காத கிருமி’ என்று விரித்தே எழுதுவோம். கட்டுரைகளுக்குத் தொகைச்சொல் போதும். பல மருந்துகளுக்கு அடங்காததைப் ‘பன்மருந்தடங்காமை’ எனலாம்.

மருந்தின் பெயரோடு சேர்க்கும்போதுதான் தடுமாறுகிறேன். ‘மெரோபெனமடங்காக் கிளெப்சியெல்லா’ என்று புணர்த்தி எழுதினால் மருந்தின் பெயர் மறைந்துபோகிறது. ‘மெரோபெனம்-அடங்கா’ என்று இடையில் சிறுகோடு இடலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.