கொப்பியில் இல்லாத மழை

உரும்பிராயிலிருந்து:

போன மாதம் எங்கள் யாழ்ப்பாணத்து ஊரில் ஒரு எட்டுச் செலவு வீடு, செத்தவருக்கு எட்டாம் நாள் சடங்கு. சாப்பாடு முடிந்து, பந்தலுக்குள் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம். தாங்க முடியாத வெக்கை. யாரோ ஒருவர், "இப்பிடி ஒரு வெயில் என்ர வாழ்நாளில காணேல்லை" என்றார். அவ்வளவுதான், பந்தல் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

பெரிய மாமாவுக்கு இந்தப் பூமி சூடாகும் கதையிலேயே நம்பிக்கை இல்லை. "உலகம் கொதிக்குது எண்டுறியள். 2022 மார்கழியில என்ர ரெண்டு பசு குளிரில விறைச்சுச் செத்தது. அதுக்கு என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார். மற்றப் பக்கம் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் நடந்ததுதான். மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. வெளியில் கட்டிய மாடுகள் இரவு முழுக்க மழையில் ஊறி, காற்றில் நின்று, விடியப் பார்த்தால் விழுந்து கிடந்தன.

"மாமா, அது ரெண்டு நாள் கதை. காலநிலை எண்டு அவையள் சொல்லுறது முப்பது வருசக் கணக்கு" என்றேன்.

"அப்ப நீ சொல்லுற இந்த வெயிலும் ரெண்டு நாள் கதைதானே தம்பி?"

சரியான அடி. விட மனமில்லாமல் நானும் ஒன்று சொன்னேன்: "எங்கட சின்ன வயசில தீபாவளிக்கு முன்னமே மழை பிடிச்சிடும். இப்ப எங்க?" தலைகள் ஆடின. வென்ற மாதிரித்தான் வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம்தான் அப்பாவின் கொப்பிகள் ஞாபகம் வந்தன. அப்பா வாத்தியார், மிச்ச நேரம் தோட்டம். 1979 ஆவணியிலிருந்து மழை அளந்தவர். முற்றத்தில் பிலா மரத்துக்குத் தள்ளி ஒரு கல்லின் மேல் நேரான ஜாம் போத்தல், காலையில் அடிமட்டம் வைத்துப் பார்த்து அங்குலத்தில் ஒரு வரி. பக்கத்தில், கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் வரை எத்தனை முழம் கயிறு என்று இன்னொரு வரி. ஒரு வருடம் அம்மா அந்தப் போத்தலில் மிளகாய்த்தூள் போட்டுவிட்டதால் இரண்டு கிழமைக்கு 'போத்தல் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அம்மாவோடு கதைக்காத நாட்களாகவும் அவை இருந்திருக்கும்.

இரண்டு இரவு இருந்து பார்த்தேன். முதலில் உடைந்தது என் கதைதான். எனக்குப் பத்து வயதான வருடம், ஐப்பசி முழுக்க 'இல்லை, இல்லை, இல்லை' என்று இருக்கிறது. ஓரத்தில், 'புகையிலைக் கன்றுக்கு இறைப்பு'. தீபாவளிக்கு முன் மழை பிடிப்பது எழுதி வைத்த சட்டமல்ல. வராத வருடங்களை நான் மறந்துவிட்டேன்.

மொத்த மழையையும் கூட்டினேன். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு வருடம் கொட்டியிருக்கிறது, அடுத்த வருடம் காய்ந்திருக்கிறது. ஆனால் பிந்திய கொப்பிகளில் 'தூறல்' என்ற சொல் குறைந்துகொண்டே போகிறது. சின்ன மழை குறைந்து பெரிய மழை கூடும் என்றுதானே சொல்கிறார்கள் என்று துள்ளிவிட்டேன். கொஞ்சம் யோசித்த பிறகு இன்னொன்று தட்டியது. அந்தக் காலத்தில்தான் அப்பாவுக்கு முழங்கால் வலி தொடங்கியது. பேர் மழை பெய்தால் மட்டும் முற்றத்துக்கு இறங்கினார். குறைந்தது தூறலா, அப்பாவின் நடையா?

இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30. போரில் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட இரவு. நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை, மேலே மழை. எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அந்த மழையைச் சொல்வார்கள். கொப்பியில் அது இல்லை. அடுத்த வரி 1996 வைகாசியில்: 'கிணறு இறைத்துத் துப்புரவு செய்தது'.

அதனால் கேட்கிறேன். கணிப்பும் கண்ணால் கண்டதும் ஒத்துப்போகின்றனவா என்று சண்டை பிடிக்க முதல், கண்டதை எழுதி வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மட்டுவிலிலிருந்து:

அண்ணை, நான் எழுதி வைக்கவில்லை. வயல் எழுதி வைத்திருக்கிறது. நாங்கள் புழுதி விதைப்பு. புரட்டாசிக் கடைசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். முதல் மழை வந்து முளைக்க வைத்துவிட்டு, பிறகு மூன்று கிழமை வராமல் விட்டால் பயிர் கருகும். நான் ஒரே போகத்துக்கு இரண்டு தரம் விதைத்திருக்கிறேன். அதைவிட மோசம் தை மாதத்து மழை. வெட்ட நாலு நாள் இருக்கும்போது கொட்டி, கதிர் சாய்ந்து, நெல் நின்ற நிலையிலேயே முளை விட்டிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், வெள்ளை முளை ஊசி மாதிரி.

ஆனால் ஒன்று. பஞ்சாங்கத்தில் இந்த வருடம் மழை இத்தனை மரக்கால் என்று போட்டிருப்பான். அது பிழைத்தால் யாரும் பஞ்சாங்கத்தைக் கிழித்து எறிவதில்லை. விஞ்ஞானம் ஒரு தரம் பிழைத்தால் மட்டும் பந்தல் கூட்டுகிறோம்.

புங்குடுதீவிலிருந்து:

எங்கள் தீவுக்கு ஆராய்ச்சி என்று வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் கிணற்றைத்தான் படம் எடுப்பார்கள். "கடல் மட்டம் உயர்ந்து கிணறு உப்பாகிப் போச்சு" என்று அவர்களே எழுதிக்கொண்டு போவார்கள். அம்மம்மா குமரியாக இருந்த காலத்திலேயே நல்ல தண்ணிக்கு விடியப்புறம் குடத்தோடு நடந்தவ. எங்கள் வளவுக் கிணறு அப்பவும் சவர்தான்.

கடல் உயரவில்லை என்று சொல்ல வரவில்லை. இறங்குதுறைப் படியில் பெருக்கு வரும்போது தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் உவர் நீர் உள்ளே வராமல் கட்டிய அணைகள் உடைந்து கிடப்பதும், குளங்கள் தூர்ந்து போனதும், மோட்டர் போட்டு இறைப்பதும் காலநிலை செய்த வேலை இல்லை. எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டால் அணையை யார் கட்டுவது?

குருநகர் பிறப்பு, இப்போது லண்டன்:

பெரிய மாமாவுக்கு என் வணக்கம். 1990 இல் ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசியின் முதல் அறிக்கை, பத்து வருடத்துக்கு 0.3 பாகை சூடாகும் என்றது. நடந்தது கிட்டத்தட்ட 0.2. 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035 இல் இல்லாமல் போகும் என்று எழுதிவிட்டு, 2010 இல் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர்கள் 2100 இல் யாழ்ப்பாணத்தில் என்ன மழை என்று சொன்னால் நான் ஏன் நம்ப வேண்டும்?

உரும்பிராயிலிருந்து:

அண்ணை சொன்ன இரண்டும் நடந்தவை. 2035 கதை வெட்கக்கேடு, அதற்குச் சாக்கு இல்லை. 0.3 வேறு மாதிரி. எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். "கிணறு எப்ப வத்தும்?" என்று கேட்டால், நீ ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் இறைப்பாய் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நாலு மணித்தியாலம் என்று வைத்துக் கணக்குச் சொன்னவனிடம், மூன்று மணித்தியாலம் இறைத்துவிட்டு "பார், வத்தேல்லை" என்று சண்டைக்குப் போக முடியாது. 1990 இல் எதிர்பார்த்த அளவுக்கு வாயுக்கள் வெளிவரவில்லை. ஓசோனுக்காக 1987 இல் செய்த மொன்றியல் உடன்படிக்கை குளிர்சாதன வாயுக்களைக் குறைத்தது அதில் ஒன்று. 1970 முதல் 2007 வரை வெளிவந்த 17 கணிப்புகளை நடந்ததோடு ஒப்பிட்ட ஆய்வு 2020 இல் வந்தது. 10 நேரடியாகவே பொருந்தின. உண்மையில் வெளிவந்த வாயு அளவைப் போட்டுத் திருத்தினால் 14. மூன்று பொருந்தவில்லை, அதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அது முழு உலகத்தின் சூடு. அதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. 2024 தான் தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகையைத் தாண்டிய முதல் வருடம்.

எங்கள் மழை வேறு விசயம், அங்கே மாமா பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. காலநிலையைக் கணிக்கிற உலகளாவிய கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். ஒரு கட்டம் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் நீளமும் அகலமும். எங்கள் குடாநாடு ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவு. அப்படியான ஒரு கட்டத்துக்குள் பத்துக் குடாநாடு போகும், எங்கள் கட்டத்தில் பெரும்பகுதி கடல். அந்தக் கணினிக்கு உரும்பிராயின் செம்பாட்டு மண்ணும் தெரியாது, வழுக்கையாறும் தெரியாது. "உங்கள் தோட்டத்தில் மழை இத்தனை அங்குலம் குறையும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன். சூடான காற்று கூட நீரைத் தாங்கும், ஒரு பாகைக்கு ஏறக்குறைய 7 சதவீதம், அதனால் பெய்யும்போது கொட்டும் என்றால் நம்புவேன். அது சட்டிக்கும் மூடிக்கும் தெரிந்த பௌதிகம்.

நாளைய வானிலை இன்னொரு கதை. 2020 மார்கழி 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறும் என்றார்கள், ஏறியது. நாங்கள் காற்றுக்குப் பயந்து கூரைக்குக் கயிறு கட்டினோம். அது போய் மன்னார் வளைகுடாவில் நின்றுகொண்டு மழையைக் கொட்டியது. கூரை இருந்தது, வீட்டுக்குள் முழங்கால் வெள்ளம். கணிப்புச் சரியா பிழையா? அன்றைக்கு வாளியோடு நின்ற என் மனிசியிடம் கேட்கப் பயமாக இருந்தது.

புங்குடுதீவு அக்கா சொன்னதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளை விசயம் தெரிஞ்சது" என்றார். நான் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மட்டுவிலிலிருந்து:

அண்ணை, 1995 பற்றி எழுதினீர்களே. அப்புவும் பஞ்சாங்க ஓரத்தில் மழைக்கு 'ம' என்று குறிப்பவர் என்று அம்மா சொன்னா. பரணில் தேடி எடுத்தேன், கறையான் பாதி தின்றுவிட்டது. அந்தக் கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையிலும் மாட்டுக் கொட்டிலிலுமாக உங்கள் பக்கத்து ஆட்கள் நாற்பது பேருக்கு மேல்.

ஒக்டோபர் 30 க்கு நேரே 'ம' இல்லை. 'சனம்' என்று எழுதியிருக்கிறார். அடுத்த ஆறு நாளைக்கும் அதே சொல்தான்.