அண்டர்கவுண்ட்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

தொண்டி:
அனைவருக்கும் வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றி எட்டுப் பக்கக் கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அண்டர்கவுண்ட் என்ற ஒரு சொல்லில் மாட்டி நிற்கிறேன். 2011 கணக்கெடுப்பை அரசே பின்னால் சரிபார்த்தபோது ஆயிரத்துக்கு 23 பேர் விட்டுப்போயிருந்தார்கள். 'குறைந்த எண்ணிக்கை' என்று எழுதிப் பார்த்தேன். "அப்ப நம்ம ஊர்ல ஆளு கொறஞ்சிருச்சா சார்?" என்கிறான் ஒரு பையன். ஆள் குறையவில்லை, கணக்குதான் குறைந்தது. அது சொல்லிலேயே தெரியணும்.

இராமநாதபுரம்:
எண்ணெச்சம். பெயரெச்சம் பெயரைத் தேடி நிற்கிறது, வினையெச்சம் வினையைத் தேடி நிற்கிறது, இது எண்ணைத் தேடி நிற்கிறது. எண்ணுதலுக்குக் கருதுதல் என்றும் பொருள் இருக்கிறதே, எண்ணப்படாதவர் கருதப்படாதவர். 'எண்ணென்ப ஏனை எழுத்தென்ப' என்று வள்ளுவர் எண்ணைத்தானே முன்னால் வைத்தார். எண்ணும் எள்ளும் ஒரே வேர் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம், ஆதியில் எள்ளை வைத்து எண்ணியிருக்கக்கூடும், விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

பாம்பன்:
ஐயா, எண்ணெச்சம் என்று வீட்டில் வாசித்துக் காட்டினேன். எந்த எண்ணெயில் காக்கா எச்சம் போட்டது என்று கேட்கிறார்கள்.

கீழக்கரை:
'விடுபாடு' போதாதா? ஆனால் யார் விடுபட்டவர் என்று முதலில் தெளிவாக்குங்கள் சார். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள், அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரை அங்கே சேர்க்கக்கூடாது என்பதே விதி. துபாய்க்காரரை விட்டது பிழையில்லை. ராத்திரி கடலுக்குப் போய் விடிந்து கரைக்கு வருகிறவரை விட்டால்தான் பிழை.

பாம்பன்:
அப்ப கேரளாவில் மாதக்கணக்கில் தங்கித் தொழில் பார்க்கிறவன்? அவனை அங்கே எண்ணணும். படகிலேயே படுத்துக்கிடக்கிறவனை எவர் தேடிப் போய் எண்ணினார்? அப்புறம் விடுபாடு எனக்கு ஒட்டவில்லை. எங்களுக்குப் பாடு என்றால் மீன்பாடு, வலையில் கிடைத்த மீன். 'இன்னைக்குப் பாடு எப்படி?' என்று கேட்கிற ஊரில் போய் விடுபாடு என்றால், பாடு போச்சு என்றுதான் விளங்கும்.

மண்டபம்:
நம்ம பக்கம் தலைக்கட்டு இருக்கிறதே! திருவிழா வரிக்குக் கல்யாணம் ஆன ஆம்பளைதான் ஒரு தலை. பாசி எடுத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் பொம்பளை அதில் வரமாட்டாள், ஊர்க்கூட்டத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை. அதனால் 'விட்ட தலை' என்று வைக்கலாம்.

கீழக்கரை:
சுருக்கினால் விடுதலை!

இராமநாதபுரம்:
விளையாட்டு போதும். எண்ணிக்கை எங்கெல்லாம் போய் இடிக்கிறது பாருங்கள். மக்கள்தொகையை வைத்துத்தான் மக்களவை இடங்களைப் பிரித்தார்கள்: 1962-இல் தமிழகத்துக்கு 41 இடம், 1967-இல் 39. அப்புறம் 1971 கணக்கை வைத்து, மாநிலத்துக்கு இத்தனை என்பது மாறாதபடி இடங்களை உறையவைத்தார்கள். நாடு முழுக்க எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931-இல், இன்றும் மேடைக்கு மேடை சதவீதம் பறக்கிறது. இவ்வளவு கனமான விஷயத்துக்கு, அச்சுப்பிழைக்கும் பொருந்துகிற விடுபாடா?

பாம்பன்:
ஐயா, கனம் பார்த்தால் பிள்ளைகள் தூக்க வேண்டாமா? 'எண்ணாமல் விட்டது' என்று எழுதினால் யார் அடிக்கப் போகிறார்கள்?

தொண்டி:
அது சொல் இல்லையே அண்ணே, வாக்கியம். அட்டவணைத் தலைப்பில் இடம் பத்தாது. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. விடுபாடு என்றே போட்டுவிட்டேன், முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'எண்ணாமல் விட்டது' என்று அண்ணன் சொன்னது பக்கத்தில் நிற்கும். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. அவரையும் சரியில் சேர்த்துக்கொண்டேன்.

இராமநாதபுரம்:
போடாதவரை எண்ணிக்கொண்டீர்கள், போட்ட என்னை விட்டுவிட்டீர்கள். நல்லது. என் கட்டுரைகளில் எண்ணெச்சம்தான் வரும். எள் பற்றி இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.