டெபியன் 12: சவுண்ட் கார்டு தெரியவில்லை, "டம்மி அவுட்புட்" மட்டும் வருகிறது. ஆர்கா பேச வேண்டும், மைக்கும் வேண்டும்

திண்டுக்கல் அக்கா:

வணக்கம். தம்பிக்காக எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் எனக்கு வேலை செய்யத் தெரியும், பழுது பார்க்கத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரித்துச் சொன்னால் நல்லது.

தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. லினக்ஸில் ஆர்கா என்ற திரைவாசிப்பானை வைத்துத்தான் படிப்பது, கட்டுரை அடிப்பது, மெயில் அனுப்புவது எல்லாம். ஈஸ்பீக் குரலில் தமிழும் வாசிக்கும். பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸின் 11ஆம் பதிப்பு இருந்தது, பிறகு 12க்கு மாற்றினோம். ஒரு குறையும் இல்லை.

போன வாரம் அந்த லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. செகண்ட் ஹேண்டில் வேறொன்று வாங்கினோம், இன்டெல் 11ஆம் தலைமுறை. 2.5 அங்குல டிஸ்க் மாட்ட அதில் இடம் இருந்ததால் பழைய எஸ்எஸ்டியை அப்படியே கழற்றி மாட்டினோம். பூட் ஆக வைப்பதற்கே ஒரு நாள் போனது. இப்போது அவனுடைய கோப்புகள், அமைப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சத்தம் மட்டும் இல்லை. ஒலி அமைப்பில் போய்ப் பார்த்தால் "டம்மி அவுட்புட்" என்ற ஒரே வரி. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆல்சாமிக்சர் என்ற நிரலைத் திறந்தால் மிக்சரைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி வெளியே வந்துவிடுகிறது. ஒரு இடத்தில் படித்துவிட்டு, நிரல்களின் சத்தத்தைக் கார்டுக்கு அனுப்பும் பல்ஸ்ஆடியோவை நீக்கி மறுபடி நிறுவினேன். அதிலும் மாற்றம் இல்லை.

சத்தம் இல்லையென்றால் அவனுக்குத் திரையே இல்லை. நேற்று லேப்டாப்பைத் திறந்து, நாலைந்து விசையைத் தட்டிவிட்டு, காதைக் கிட்டே வைத்துப் பார்த்தான். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டான். வியாழக்கிழமை அவனுக்கு ஆன்லைனில் வாய்மொழித் தேர்வு. அதனால் மைக்கும் கட்டாயம் வேண்டும். யாராவது உதவ முடியுமா?

வயர்மேன்:

அக்கா, முதலில் ஒன்று. பழுது பார்க்கிற வரை தம்பி கை கட்டி உட்கார வேண்டாம். கம்ப்யூட்டர் கடைகளில் யூஎஸ்பி சவுண்ட் கார்டு என்று கேளுங்கள், விரல் நீளத்தில் சின்னதாக இருக்கும். ஒரு முனையை யூஎஸ்பியில் செருகி, மறுமுனையில் ஹெட்போன் மாட்டலாம். சாதாரண யூஎஸ்பி கார்டுகளுக்கு லினக்ஸில் தனி டிரைவர் எதுவும் போட வேண்டியதில்லை, லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. செருகியதும் ஒலி அமைப்பில் டம்மிக்குப் பக்கத்தில் யூஎஸ்பி ஆடியோ என்று வரும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆர்காவை ஒரு முறை நிறுத்தி ஆரம்பித்தால் பேசிவிடும். மைக் துளையும் இருக்கிற கார்டாக வாங்கினால் தேர்வுக்கும் ஆகும்.

உள்ளே இருக்கிற கார்டை மற்றவர்கள் பார்ப்பார்கள்.

ராத்திரி வாசகன்:

எனக்கும் இதே பிரச்சினை வந்து தீர்ந்தது. ஈடிசிக்குள் மோட்ப்ரோப்.டி என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் ஆடியோ.கான்ஃப் என்று ஒரு கோப்பு உருவாக்கி ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-இன்டெல்-டிஎஸ்பிசிஎஃப்ஜி டிஎஸ்பி_டிரைவர்=1. சேமித்து ரீபூட். ஸ்பீக்கர் வந்துவிடும்.

திண்டுக்கல் அக்கா:

வந்துவிட்டது! ரீபூட் ஆனதும் ஆர்கா வரவேற்புத் திரையைச் சொன்னது, அடுத்த அறையிலிருந்து தம்பி ஓடி வந்தான். மிக்க நன்றி.

ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, உள்ளே இருக்கிற மைக் இல்லவே இல்லை. ஒலிப்பதிவுப் பட்டியலில் ஹெட்செட் மைக் மட்டும், அதுவும் செருகப்படவில்லை என்று காட்டுகிறது. இன்னொன்று தம்பி சொன்னது. சற்று நேரம் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு விசையை அழுத்தினால் முதல் அசை காணாமல் போகிறது. "கோப்பு" என்பது "ப்பு" என்று கேட்கிறது. "இல்லை" என்பது "லை". ஒரு எழுத்து மட்டும் வாசிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே கேட்பதில்லை. பழைய லேப்டாப்பில் இப்படி இருந்ததில்லை.

பழைய டெபியன்:

வணக்கம் அம்மா. நண்பர் கொடுத்த வரி தவறில்லை, ஆனால் அது சுற்றுவழி. மைக் போனதே அந்த வரியால்தான்.

உங்கள் பழைய லேப்டாப்பில் ஒலி நேராக ஸ்பீக்கர் சிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எச்டிஏ என்ற பழைய டிரைவரே போதும். புதிய லேப்டாப்பில் நடுவே டிஎஸ்பி என்ற ஒரு சிறிய ஒலிச் செயலி உட்கார்ந்திருக்கிறது. திரைக்கு மேலே கேமரா பக்கத்தில் ஊசித் துளை மாதிரி இரண்டு இருக்கிறதா பாருங்கள். அவை டிஜிட்டல் மைக்குகள். இந்த வகை லேப்டாப்களில் அவற்றின் கம்பி அந்தச் செயலியில்தான் போய்ச் சேர்கிறது. 1 என்று போட்டால் "செயலியை விட்டுவிடு, பழைய டிரைவரையே எடு" என்று கர்னலுக்குச் சொல்கிறீர்கள். ஸ்பீக்கர் பேசும், மைக்குக்குப் போகிற வழி அடைபடும்.

சரி, செயலி ஏன் தானாக வேலை செய்யவில்லை? அதற்கு ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் எஸ்ஓஎஃப் என்ற ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் ஓடும் நிரலை, டிஸ்க்கிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். அது உங்கள் டிஸ்க்கில் இல்லை என்று சந்தேகப்படுகிறேன். சந்தேகத்தை வைத்து எதையும் நிறுவ வேண்டாம், பதிவைப் பார்த்துவிடுவோம். அந்த வரியைச் சேர்ப்பதற்கு முந்தைய பூட்டின் கர்னல் பதிவு இன்னும் இருக்கும். டெர்மினலில் சுடோ ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 என்று அடித்து, எஸ்ஓஎஃப் என்று இருக்கிற வரிகளை மட்டும் இங்கே போடுங்கள். நடுவில் வேறு ரீபூட் நடந்திருந்தால் -1க்குப் பதில் -2, -3.

இன்னொரு கேள்வி. வைஃபை வேலை செய்கிறதா?

திண்டுக்கல் அக்கா:

வைஃபை வேலை செய்யவில்லை! உங்களுக்கு எப்படித் தெரிந்தது? மொபைலை யூஎஸ்பி கேபிளில் கட்டித்தான் இணையம் எடுக்கிறேன். அதைத் தனிப் பிரச்சினை என்று நினைத்து அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

பதிவில் இருந்தவை: "டிஜிட்டல் மைக்ஸ் ஃபவுண்ட் ஆன் ஸ்கைலேக்+ பிளாட்ஃபார்ம், யூசிங் எஸ்ஓஎஃப் டிரைவர்". சற்றுக் கீழே, "டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபார் இன்டெல்/எஸ்ஓஎஃப்/எஸ்ஓஎஃப்-டிஜிஎல்.ஆர்ஐ ஃபெயில்ட் வித் எரர் -2".

பழைய டெபியன்:

காரணத்தை அந்த இரண்டு வரியுமே சொல்லிவிட்டன. முதல் வரியில் கர்னல் டிஜிட்டல் மைக்கைக் கண்டுபிடித்து, அதனால் எஸ்ஓஎஃப் டிரைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சரியான தேர்வு. இரண்டாவது வரியில் டிஜிஎல் என்பது டைகர் லேக், உங்கள் 11ஆம் தலைமுறையின் பெயர். பிழை -2 என்றால் "அப்படி ஒரு கோப்பு இல்லை". கார்டு பழுதில்லை, பல்ஸ்ஆடியோவும் பழுதில்லை. கர்னலிலிருந்து ஒரு கார்டும் வராதபோது பல்ஸ்ஆடியோ வெறும் கையோடு நிற்க முடியாமல் ஒரு பொய் வெளியீட்டை வைத்துக்கொள்ளும். டம்மி என்று நீங்கள் பார்த்தது அதைத்தான். அதை எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் இதுதான் நடக்கும்.

வைஃபையைக் கேட்டதும் இதனால்தான். இன்டெல் வைஃபைக்கும் டிஸ்க்கில் ஃபர்ம்வேர் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஊமையாக இருந்தால் டிஸ்க்கில் ஃபர்ம்வேர்ப் பொதிகளே இல்லை என்று பொருள். பழைய லேப்டாப்புக்கு அவை தேவைப்படவில்லை, ஆகவே யாரும் போடவில்லை.

டெபியனில் இப்படிப்பட்ட ஃபர்ம்வேர் முன்பு நான்-ஃப்ரீ என்ற, திறந்த மூலமல்லாத மென்பொருள்களுக்கான பகுதியில் இருந்தது. 2022 அக்டோபரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, நிறுவும் வட்டிலேயே ஃபர்ம்வேரைச் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் அதற்கென்றே நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று தனிப் பகுதி வந்தது. 11லிருந்து 12க்கு மேம்படுத்தியவர்கள் அந்தப் பெயரைத் தாங்களே சேர்க்க வேண்டும். எஸ்ஓஎஃப்பின் மூலநிரல் திறந்ததுதான். ஆனாலும் பெரும்பாலான லேப்டாப்களில் சிப் இன்டெல்லின் கையெழுத்து உள்ள கோப்பை மட்டும் ஏற்கும், அதனால் அந்தக் கோப்பு இந்தப் பகுதியில் இருக்கிறது.

மொபைல் இணையத்தை இணைத்துக்கொள்ளுங்கள். ஈடிசிக்குள் ஏபிடி, அதற்குள் சோர்சஸ்.லிஸ்ட். அதை சுடோவோடு (நிர்வாகி உரிமையோடு) திறந்தால் டெப் என்று தொடங்கும் வரிகள் மூன்று இருக்கலாம். ஒவ்வொன்றின் கடைசியிலும் மெயின் என்ற சொல் இருக்கும். அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று சேர்க்கவும். சிறு கோடு இரண்டு, நடுவில் இடைவெளி கிடையாது, எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. பிறகு சுடோ ஏபிடி அப்டேட். அதன்பின் சுடோ ஏபிடி இன்ஸ்டால் ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்ட் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை. இரண்டாவது பொதியில் இன்டெல் ப்ளூடூத்துக்கான கோப்புகளும் வந்துவிடும். முடிந்ததும் முழுதாக அணைத்துவிட்டு இயக்குங்கள்.

திண்டுக்கல் அக்கா:

வைஃபை வந்துவிட்டது. ஸ்பீக்கர் பேசுகிறது. ஆனால் மைக் இன்னும் வரவில்லை ஐயா. பொதி நிறுவப்பட்டதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன், இருக்கிறது. நாளை மறுநாள் தேர்வு.

பழைய டெபியன்:

மன்னியுங்கள், நான் சொல்ல மறந்துவிட்டேன். நண்பர் சொன்ன ஆடியோ.கான்ஃப் கோப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஃபர்ம்வேர் வந்தாலும் அந்த வரி கர்னலைப் பழைய வழிக்கே திருப்பிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி அணைத்து இயக்குங்கள். இப்போது ஆல்சாமிக்சர் திறந்தால் மேலே கார்டின் பெயர் எஸ்ஓஎஃப்-எச்டிஏ-டிஎஸ்பி என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் எஃப்6 அழுத்திப் பாருங்கள்.

ராத்திரி வாசகன்:

என் லேப்டாப்பிலும் இரண்டு வருடமாக உள் மைக் இல்லை. அது உடைந்துவிட்டது என்றே நினைத்து ஹெட்செட்டில் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன், மைக் இருக்கிறது. அக்கா, அரைகுறையாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஐயாவுக்கு நன்றி.

திண்டுக்கல் அக்கா:

எஸ்ஓஎஃப்-எச்டிஏ-டிஎஸ்பி என்றே இருக்கிறது! பட்டியலில் டிஜிட்டல் மைக்ரோஃபோன் என்று வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்து கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல மிக மெல்லியதாக இருக்கிறது.

தம்பிக்கு முதல் அசை இன்னும் விழுங்கப்படுகிறது.

பழைய டெபியன்:

மைக்குக்கு: ஆல்சாமிக்சரில் எஃப்4 அழுத்தினால் பதிவுப் பக்கம் வரும். அம்புக்குறியால் டிமிக்0 என்ற பட்டைக்குப் போங்கள். அதன் கீழே கேப்சர் என்ற சொல் தெரியவில்லையென்றால் ஸ்பேஸ் விசையை அழுத்துங்கள். மேல் அம்புக்குறியால் 70, 80 வரை ஏற்றுங்கள். 100க்குப் போனால் இரைச்சலும் கூடவே ஏறும்.

முதல் அசைக்கு: தம்பி கவனித்துச் சொன்னது மிகத் துல்லியம். பல்ஸ்ஆடியோ ஐந்து விநாடி சத்தம் எதுவும் இல்லையென்றால் கார்டை மூடிவிடும். அப்புறம் சிப்பும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கப் போகும். விசை தட்டியதும் எழுந்திருக்க ஒரு கணம் எடுக்கும். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. திரைவாசிப்பானில் அந்தக் கணத்துக்குள்தான் முழுச் சொல்லும் இருக்கிறது.

ஈடிசிக்குள் பல்ஸ், அதற்குள் டிஃபால்ட்.பிஏ கோப்பு. லோட்-மாட்யூல் மாட்யூல்-சஸ்பென்ட்-ஆன்-ஐடில் என்ற வரியைத் தேடி, அதன் முன்னால் ஒரு # போடுங்கள். வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். கார்டு இனித் தூங்காது. பேட்டரி சற்றுக் கூடச் செலவாகும், தம்பிக்கு அது பெரிய இழப்பாக இருக்காது.

வயர்மேன்:

பல்ஸ்ஆடியோவுக்குப் பதில் பைப்வயர் போட்டவர்கள் இதைப் படித்தால்: உங்களிடம் அந்த டிஃபால்ட்.பிஏ கிடையாது. தூங்க வைக்கிற வேலையை அங்கே வயர்ப்ளம்பர் செய்யும், அமைப்பை அதில் மாற்ற வேண்டும். அக்கா 11லிருந்து மேம்படுத்தியதால் பல்ஸ்ஆடியோவே தொடர்ந்திருக்கிறது.

திண்டுக்கல் அக்கா:

இப்போது தம்பி தட்டச்சு செய்கிறான்.

வணக்கம். நான் தம்பி. பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு "க" என்று ஒரு எழுத்து மட்டும் தட்டிப் பார்த்தேன். "க" என்று முழுதாகக் கேட்டது. ஐந்து முறை செய்து பார்த்தேன், ஐந்திலும் கேட்டது. மைக்கை 75இல் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் வைத்தால் மேலே ஓடுகிற ஃபேன் என் குரலை விட முன்னால் வருகிறது. தேர்வு நேரத்தில் ஃபேனை நிறுத்திவிடுவேன். வயர்மேன் அண்ணன் சொன்ன யூஎஸ்பி கார்டையும் அக்கா வாங்கி வந்திருக்கிறாள், பையில் இருக்கட்டும். ஐயா, சோர்சஸ்.லிஸ்ட் பற்றி நீங்கள் எழுதியதை ஆர்காவில் நானே கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டேன். டெபியன் 13க்கு மாறும்போது அந்தக் கோப்பை நானே திருத்துவேன்.