தேவனிடம் மன்னிப்பு கேட்டாயிற்று, அந்தப் பெண்ணிடம் இன்னும் கேட்கவில்லை

கேள்வி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு சபையில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் பெறுகிற ஆராதனை. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று வாசித்துவிட்டு, போதகர் ஒரு நிமிடம் அமைதியாக இருக்கச் சொன்னார். கண்ணை மூடினேன். அந்த ஒரு நிமிடமும் நான் சோதித்தது என்னை அல்ல, என் மேலாளரை. அவர் எப்படியெல்லாம் அவசரப்படுத்துவார், எப்படிப் பேசுவார் என்றே மனசு ஓடியது. பாத்திரம் என் கைக்கு வந்தபோது வாங்கவே கூசியது.

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் ஒரு பட்டியலில் தேதிகளை மாற்றிப் போட்டு அனுப்பியவன் நான். கோப்பைக் கடைசியாகத் திறந்தவர் என்பதால், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் மேல் பழி விழுந்தது. கூட்டத்தில் எல்லோர் முன்னும் மேலாளர் அவரைக் கேட்டார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மடிக்கணினியில் மும்முரமாக எதையோ அடித்துக்கொண்டிருந்தேன். ஒரே எழுத்தைத்தான், அடிப்பதும் அழிப்பதுமாக.

அன்று இரவே முழங்கால்படியிட்டு அழுதேன். சமாதானமும் வந்தது. மூன்று மாதத்தில் அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

தேவன் மன்னித்த பிறகும் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லத்தான் வேண்டுமா? இத்தனை நாள் கழித்துச் சொன்னால் ஆறின புண்ணைக் கிளறுவது ஆகாதா? அப்புறம் இன்னொன்று. என்னைச் சோதிக்க உட்கார்ந்தாலே உள்ளுக்குள் ஒரு வக்கீல் எழுந்துவிடுகிறார். அப்பா அப்போது மருத்துவமனையில் இருந்தார், இரண்டு இரவு தூக்கமில்லை, வேலையோ கழுத்தை நெரித்தது என்கிறார். அத்தனையும் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை.

பதில் 1:

பிரதர், 1 யோவான் 1:9 வாசியுங்கள். அறிக்கையிட்டீர்கள், மன்னித்துவிட்டார், முடிந்தது. மன்னிக்கப்பட்டதைத் திரும்பத் திரும்பத் தோண்டுவது குற்றஞ்சாட்டுகிறவனான சாத்தானுடைய வேலை. பின்னானவைகளை மறந்து முன்னே போங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

பதில் 2:

தம்பி, ஞாயிறு பள்ளியில் முப்பது வருஷமாகப் பாடம் எடுப்பவன் நான். மேலே சகோதரர் சொன்ன வசனம் சத்தியம். தேவன் மன்னிப்பாரா என்று கேட்டால் அதுதான் பதில். ஆனால் நீங்கள் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி.

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில் வரிசையைப் பாருங்கள். அடுத்தவனுக்கு அநியாயம் செய்தவன் முதலும் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் உரியவனிடம் சேர்க்க வேண்டும். தேவனுக்குச் செலுத்தும் குற்றநிவாரண பலி அடுத்த வசனத்தில்தான் வருகிறது. மத்தேயு 5இல் இயேசுவும், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிறார்.

இனி அந்த வக்கீல். இஸ்ரவேலின் ராஜாக்களான சவுலும் தாவீதும், தீர்க்கதரிசிகள் தங்கள் பாவத்தைச் சுட்டிக்காட்டியபோது ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "பாவஞ்செய்தேன்." சவுல் அதோடு நிறுத்தவில்லை, ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று கூடவே சேர்த்தான். கொஞ்ச நேரத்தில், மூப்பர்கள் முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலைக் கேட்கவும் செய்தான். தாவீது தீர்க்கதரிசி நாத்தானிடம் சொன்னது ஒரே வரி. யுத்தம், தனிமை என்று அவனுக்கும் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும்.

உங்கள் காரணங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. கலாத்தியர் 6இல் இரண்டாம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, ஐந்தாம் வசனம் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டும் 'பாரம்'. கிரேக்கத்தில் வேறு வேறு சொற்கள்: முன்னது ஆளை அழுத்துகிற கனம், பின்னது அவனவன் பங்குக்குத் தூக்க வேண்டிய சுமை. அப்பா மருத்துவமனையில் கிடந்தது இரண்டாம் வசனத்துப் பாரம். அதை நாங்கள் யாராவது உங்களோடு சேர்ந்து தூக்கியிருக்க வேண்டும். கூட்டத்தில் வாய் திறக்காதது ஐந்தாம் வசனத்துப் பாரம். அதற்கு வேறு ஆள் கிடையாது.

நானும் என் தம்பிக்கு ஒருமுறை மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம். எழுதி முடித்து வாசித்தால் மூன்றரைப் பக்கம் அவன் எனக்குச் செய்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன், பாதிப் பக்கம்கூட வரவில்லை.

பதில் 3:

நான் கத்தோலிக்கக் குடும்பம். பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு, முன் ஆன்ம சோதனை செய்வது சின்ன வயதிலிருந்தே பழக்கம். எனக்கு உங்கள் வக்கீல் இல்லை, ராத்திரியெல்லாம் குற்றம் எண்ணுகிற நீதிபதிதான் இருந்தார். நோட்டுப் போட்டு எழுதுவேன், எழுதியது போதவில்லை என்று அதையும் ஒரு பாவமாக எழுதுவேன். இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரே 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இப்படி அலைக்கழிந்தவர்தான். பின்னாளில் அவர் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை நன்றி சொல்வதில்தான் தொடங்குகிறது. அதன் பிறகே அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. அந்த வரிசை என்னைக் காப்பாற்றியது. ஆகவே அண்ணா, உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள், அதிலும் நம் கண் நம்மேலேயேதான் இருக்கும்.

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். ஆனால் உங்கள் நெஞ்சு லேசாக வேண்டும் என்பதற்காகச் சொல்லாதீர்கள், மன்னித்தேன் என்று பதில் போடும்படி அவரை நெருக்கவும் வேண்டாம். இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. அவர் போய்விட்டார், சரி. அந்த அலுவலகத்தில் அவர் பெயர் இன்னும் கெட்டுத்தானே கிடக்கிறது? அதைத் துடைக்க மேலாளரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மூன்று பேருக்கும் நன்றி. பெயர் கெட்டுக் கிடக்கிறது என்பதை வாசித்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. எட்டு மாதத்தில் ஒருநாளும் எனக்கு அது தோன்றவில்லை. ஜெபத்தில் முழுக்க என் சமாதானத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

நேற்று இரவு அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். முதலில் பதினான்கு வரி வந்தது. அப்பா விஷயத்தை எடுத்தேன். தூக்கமில்லாததை எடுத்தேன். "நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது" என்பதையும் எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது இதுதான்: "அந்தத் தேதிகளை மாற்றிப் போட்டது நான். கூட்டத்தில் உங்கள் மேல் பழி விழுந்தபோது தெரிந்தே பேசாமல் இருந்தேன். மேலாளரிடம் இதைச் சொல்லப் போகிறேன்."

நீல டிக் விழுந்துவிட்டது. பதில் வரவில்லை. மேலாளரிடம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் இருந்த மற்ற ஐந்து பேரையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.