சர்ச் கோடை முகாம் கட்டடத்தைச் சீராக்க யோசனையும் ஆட்களும் தேவை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையின் கோடை முகாம் கட்டடத்தைப் பிள்ளைகள் வருவதற்குள் சீராக்க வேண்டும். வேலை செய்வது முழுக்கத் தன்னார்வலர்கள்தான். ஆர்வத்துக்குக் குறைவில்லை, அனுபவம்தான் போதவில்லை.

பெரிய தலைவலி, பிள்ளைகள் தூங்கும் கூடத்துச் சுவர். ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளித்து, விரலால் தட்டினாலே பூச்சு பொலபொலவென்று உதிர்கிறது. மேலே புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். ஈரம் வரும் வழியை அடைக்காமல் அடித்தால் மறுபடியும் உரியும் என்பது என் கட்சி. கூரை ஒழுகுகிறதா, ஜன்னல் விளிம்பில் இறங்குகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா, எப்படிக் கண்டுபிடிப்பது?

அடியில் இருப்பது ரொம்பப் பழைய பெயிண்ட். ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தத் தூசி பிள்ளைகளுக்கு ஆகாது. இதைப் பரிசோதித்துப் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா? கூரை ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்குமோ என்றும் சந்தேகம், அதன் தூசியும் ஆபத்து என்பதால் துளை போட யாரையும் விடவில்லை.

வயரிங்குக்கு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் கட்டாயம் வேண்டும். அதில் மட்டும் 'நானே பார்த்துக்கிறேன்' ஆட்கள் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அடுக்குக் கட்டில்கள். மேல் தட்டின் தடுப்புக் கம்பி ஆடுகிறது. மெத்தை போட்டபின் அது எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்று தச்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நேரில் வர முடிந்தவர்கள் என்ன வேலை தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். துடைப்பம் பிடிக்க மட்டும் தெரிந்தாலும் சரி.